பொறுப்பாளரின் எண்

மனைவி இறந்து ஐந்து மாதம் ஆன பிறகும் அவள் போனுக்கு நான் தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். மாதாமாதம் ரீசார்ஜும் செய்தேன். கேட்டவர்களிடம், அதில் அவள் குரல் இருக்கிறது, போட்டோ இருக்கிறது என்றேன். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. மனைவியை இழந்தவனிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

அவள் குரலை நான் ஒருமுறைகூடப் போட்டுக் கேட்டதில்லை.

எடைக்கற்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. மருந்துக் கம்பெனிகளும் நகைக்கடைகளும் தங்கள் கற்களை அனுப்புவார்கள். எங்களிடம் உள்ள மூலக்கல்லோடு ஒப்பிட்டு, எத்தனை மில்லிகிராம் தள்ளி இருக்கிறது என்று எழுதித் தருவோம். கல்லைக் கையால் தொடக்கூடாது. விரலின் பிசுக்கு எடையைக் கூட்டிவிடும். இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். பெட்டியைத் திறந்த பிறகு, அறையின் வெப்பத்துக்குக் கல் வந்துசேர ஒரு மணி நேரம் ஆகும். பெரிய கல் என்றால் நாலு மணி நேரம். அதுவரை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பில்தான் ஆன்லைனில் போக்கர் ஆடப் பழகினேன்.

ஆட்டம் எளிது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, மற்றவர்களுக்குத் தெரியாமல். நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. அவை ஒரே தடவையில் விழாது. முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தை ஏற்றலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம்.

நான் சூதாடி இல்லை என்று உண்மையாகவே நம்பினேன். சூதாடி அதிர்ஷ்டத்தை நம்புகிறவன். நான் சதவீதத்தை நம்பினேன். என்னோடு ஆடிய ஆயிரத்து நானூறு பேரைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ‘காலிக்கிண்ணம்’ என்ற பெயரில் ஆடுகிறவர் நல்ல சீட்டு வந்தால் யோசிப்பதுபோல நடிப்பார். ‘மழைக்கோட்டு’ தோற்ற அடுத்த ஆட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டுவார். இவர்களில் யாரையும் பார்த்ததில்லை. மனைவியின் தோழிகளைவிட இவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

தோற்றால் எழுந்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் தோற்ற பிறகு அங்கே உட்கார்ந்திருப்பவன் விதி தெரிந்தவன் அல்ல. சரியாக ஆடியும் தோற்கும்போது ஒரு சூடு தலைக்கு ஏறும். எதிராளிமேல் இல்லை, கணக்கின்மேல். கணக்கு என்னை ஏமாற்றிவிட்டது, அதுவே வந்து சரிசெய்ய வேண்டும், அதுவரை நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் சூடு.

எவ்வளவு போயிற்று என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் எல்லோரும் அந்தத் தொகையைத்தான் பார்ப்பார்கள்.

மனைவி கண்டுபிடித்தது குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று. சத்தம் வேண்டுமே என்று குழாயைத் திறந்துவிட்டு உள்ளே ஆடிக்கொண்டிருந்தேன். மேல்தொட்டி காலியாகித் தண்ணீர் நின்றுபோனது. அது எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

“தண்ணி நின்னு கால் மணி நேரம் ஆச்சு” என்றாள் வெளியே இருந்து. “என்னத்துல குளிக்கிற?”

கதவைத் திறந்தேன். உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவள் என் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.

அன்று மாலை அந்தப் போக்கர் தளத்தின் அமைப்புகளை அவளே தேடிப் படித்து, ஒரு பூட்டைக் கண்டுபிடித்தாள். கணக்கைக் காலவரையின்றிப் பூட்டிவிடலாம். பூட்டும்போது ஒரு பொறுப்பாளரின் போன் எண்ணைத் தர வேண்டும். மறுபடி திறக்க வேண்டுமானால் ஆறு இலக்க எண் ஒன்று பொறுப்பாளருக்குப் போகும். அவர் சொன்னால்தான் திறக்கும். இடையில் பொறுப்பாளரை மாற்ற முடியாது.

தன் எண்ணைப் போட்டாள்.

“பொறுப்பாளர் வேலையாம். சம்பளம் உண்டா?”

“சாப்பாடு உண்டு.”

“அதையும் நான்தான ஆக்கிப் போடணும்? நல்ல வேலைடா இது.” அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருந்தாள். “பல்லப் புடுங்குற இடத்துல வேலை பாக்குறவ நான். என்கிட்டேருந்து நம்பரப் புடுங்க முடியாது, பாத்துக்க.”

நான் மூன்று முறை கேட்டேன். முதல்முறை, மேசையில் மிச்சமிருக்கும் சில்லுகளை, அதாவது பந்தயப் பணத்தை, வெளியே எடுக்கத்தான் என்றேன். சிரித்தாள். இரண்டாம் முறை வேறு காரணம் சொன்னேன். அழுதாள். மூன்றாம் முறை காரணமே சொல்லவில்லை. சும்மா கேட்டேன். அவள் தன் போனை எடுத்துப் பார்த்து, ஆறு இலக்கங்களைச் சொன்னாள். தண்ணீர் குடிக்கப் போவதுபோலச் சமையலறைக்குப் போய்ப் போட்டுப் பார்த்தேன். தவறான எண் என்று வந்தது. இன்னொரு முறை போட்டேன். திரும்பினால் அவள் வாசலில் நின்றிருந்தாள்.

“ரெண்டு தடவ அடிச்சியா?”

போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

“அது நம்ம கல்யாணத் தேதி. மாசம், வருஷத்தோட. ரெண்டு தடவ அடிச்சிருக்க. ரெண்டு தடவையும் உனக்குத் தெரியல.”

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. பதினான்கு மாதம். இன்னொரு தளத்துக்குப் போயிருக்கலாம், எத்தனையோ இருக்கின்றன. போகவில்லை. அங்கே போனால் நான் சூதாடி ஆகிவிடுவேன் என்று தோன்றியது. என் பழைய மேசைக்குத் திரும்பினால் மட்டும் அது வேலைக்குத் திரும்புவது மாதிரி. இதை இப்போது எழுதும்போதுகூட, எங்கோ ஓர் ஓரத்தில் அது சரிதான் என்று படுகிறது.

அவளுக்குப் பித்தப்பையில் கல். சின்ன அறுவை, இரண்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு எந்தச் சிக்கலும் வராது என்றார் மருத்துவர். அவளும் அவள் அம்மாவும் முகம் தெளிந்தார்கள். தொண்ணூற்றெட்டில் நான் எத்தனை முறை தோற்றிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நாலாம் நாள் காலை போய்விட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அழுகை வரவில்லை. சதவீதம் மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஐந்து மாதம். எழுந்தேன், வேலைக்குப் போனேன், கற்களை எடுத்தேன், வைத்தேன். அவள் போனுக்குச் சார்ஜ் போட்டேன்.

ஒரு புதன்கிழமை அத்தை கூப்பிட்டார். மனைவியின் அம்மா. மாமா காலமான பிறகு, நகரத்தின் மறுகோடியில் ஒரு குடியிருப்பின் ஆறாவது மாடியில் தனியாக இருக்கிறார்.

“மாப்ள, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்க அத்தை.”

“அவ போனு சும்மாதான கெடக்கு? எனக்குக் குடுங்களேன். அதுல அவ பேசி அனுப்பினதெல்லாம் இருக்குமாமே. கேட்டுக்கிட்டு இருப்பேன்.”

“இல்ல அத்தை, அது இங்கேயே இருக்கட்டும்” என்றேன்.

அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். போக்கர் மேசையில் முகம் தெரியாது. ஆள் எவ்வளவு நேரத்தில் பதில் தருகிறான் என்பதைத்தான் பார்ப்போம். யோசிக்கவேண்டிய இடத்தில் யோசிக்காமல் வரும் பதில், முன்னாலேயே முடிவெடுத்து வைத்திருப்பவனுடையது. நான் எதை முடிவெடுத்து வைத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஐந்து மாதமாக நான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தது அவள் குரலுக்காக இல்லை. அந்த ஆறு இலக்கங்கள் வந்து விழும் இடம் அது.

போனை வைத்துவிட்டேன். மறுநாள் ஆய்வகத்தில் கல் ஆறுவதற்காக உட்கார்ந்திருந்தபோது, என்னோடு வேலை பார்ப்பவர் கதவிலிருந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். அவருக்கு அவசரம் என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட இரண்டு டீ குடிப்பார். மதிய இடைவேளையில் கேட்டார்.

“என்னய்யா, உள்ள கல்லுகூடப் பேசிட்டிருந்தியா?”

“சூடு எறங்கட்டும்னு உக்காந்திருந்தேன்.”

“கல்லுக்கா, உனக்கா?”

சிரிக்க முயன்றேன்.

“ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. எம் பொண்டாட்டி சமையலச் சாப்பிட்டன்னா உன் கவலையெல்லாம் வயித்துக்கு எறங்கிடும். அதுக்கப்புறம் வயித்தப் பத்தி மட்டும் கவலப்பட்டாப் போதும்.”

“ஞாயித்துக்கெழம அத்தை வீட்டுக்குப் போறேன்” என்றேன். சொன்ன பிறகுதான் முடிவு செய்தேன்.

போனைக் கொடுத்துவிட வேண்டும். அது என் கையில் இருக்கக்கூடாது. யோசித்துப் பார்த்தால், செத்துப்போன பொறுப்பாளரின் வேலையை அவள் அம்மாவிடம் ஒப்படைக்கிறேன். இதைவிடச் சரியான காரியம் நான் ஐந்து மாதத்தில் செய்ததில்லை என்று பஸ்ஸில் போகும்போது நினைத்தேன்.

அத்தை போனை இரண்டு கையாலும் வாங்கினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் மகளின் முகத்தைப் பார்த்து, கட்டைவிரலால் துடைத்தார். படம் மறைந்து வேறு எதுவோ திறந்தது.

“அய்யய்யோ, எங்க போனா?”

திருப்பிக் கொண்டுவந்து தந்தேன். குரல் பதிவுகளை எப்படிப் போடுவது, எப்படிக் கூப்பிடுவது என்று காட்டினேன். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பச்சை அமுக்கினால் பேசும், சிவப்பு அமுக்கினால் நிற்கும்.

“அத்தை, இன்னொண்ணு. இதுல மெசேஜ்ல ஏதாவது நம்பர் வந்தா யாருக்கும் சொல்லாதீங்க. ஆறு நம்பர் வரும். யார் கேட்டாலும்.”

“நீங்க கேட்டா?”

“நான் கேட்டாலும் சொல்லாதீங்க.”

“ஏன் மாப்ள?”

இங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். அத்தை, நான் ஆடுகிறவன், உங்கள் மகள் என்னைப் பூட்டி வைத்திருந்தாள். அவள் இதை அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. என் மாப்பிள்ளை மாதிரி உண்டா என்று அத்தை அக்கம்பக்கத்தில் சொல்லித் திரிகிறவர். அவர் முகத்தைப் பார்த்தேன். கையில் பேனா, கேட்கத் தயாராக.

“மோசடிக்காரங்க அத்தை. என்னை மாதிரியே பேசுவாங்க.”

“அட கண்றாவி” என்று நோட்டில் எழுதினார். ‘மாப்ள கேட்டாலும் சொல்லக்கூடாது.’ கீழே கோடு போட்டார்.

எதைக் காவல் காக்கிறார் என்று தெரியாத காவல் அது. அதுதான் நான் செய்த தவறு. அன்றைக்கு அது தவறாகத் தெரியவில்லை, மரியாதையாகத் தெரிந்தது.

போன் என் கையில் இருந்த ஐந்து மாதமும் நான் அந்தப் பூட்டைத் தொடவில்லை. எப்போது வேண்டுமானாலும் தொடலாம் என்று இருந்ததால் தொட வேண்டியிருக்கவில்லை. கொடுத்துவிட்டு வந்த அன்றே உடம்பில் ஏதோ ஆரம்பித்தது. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போய்க்கொண்டே இருப்பதுபோல. நாலாம் நாள் இடுக்கியிலிருந்து ஒரு கல்லை நழுவவிட்டேன். பதினோரு வருடத்தில் முதல்முறை. கல்லின் ஓரம் நசுங்கிவிட்டது. அவசரம் அதை வாங்கிப் பார்த்து, தவறைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை.

பணம் வேண்டும் என்று இல்லை. ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. நாலு சீட்டு விழுந்துவிட்டது, ஐந்தாவது இன்னும் விழவில்லை, அந்த இடம் வேண்டும். அங்கே எதுவும் இன்னும் முடிந்துபோகவில்லை. எனக்குத் தெரிந்து உலகத்தில் அப்படி ஓர் இடம் அது ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் மதிய இடைவேளையில் படிக்கட்டுக்குப் போனேன். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் யாரும் வரமாட்டார்கள். தளத்தைத் திறந்து, பூட்டை நீக்கும் கோரிக்கையை அமுக்கினேன். உங்கள் பொறுப்பாளருக்கு எண் அனுப்பப்பட்டது, பத்து நிமிடம் செல்லும் என்று வந்தது. அத்தையின் சொந்தப் போனுக்குக் கூப்பிட்டேன்.

“சாப்டீங்களா அத்தை?”

“இப்பத்தான் தட்டு கழுவி வச்சேன். நீங்க?”

“ஆச்சு.” ஆகவில்லை. “அவ போன் பக்கத்துல இருக்கா?”

“மடியிலதான் இருக்கு. அவ பேசுறதக் கேட்டுட்டு இருந்தேன். யாருக்கோ தேங்கா சில்லு எப்படிப் போடுறதுன்னு சொல்லிட்டு இருக்கா, எல்லாம் தப்புத்தப்பா. நடுவுல டிங்குன்னு ஏதோ வந்து விழுந்துச்சு.”

“அதுதான் அத்தை. ஆறு நம்பர் இருக்கும். கொஞ்சம் படிங்க.”

நோட்டுப் பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

“அத்தை?”

“யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“நான்தான கேக்குறேன்.”

“மாப்ள கேட்டாலும் சொல்லக்கூடாது. எழுதி வச்சிருக்கேன், கோடு போட்டு.” குரலைத் தாழ்த்தினார். “கொரல மாத்திப் பேசுறானுங்களாமே. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட விசாரிச்சேன். ‘மாமியார்கிட்ட ரொம்ப மரியாதையாப் பேசினா அவன் மாப்பிள்ளையே இல்லன்னு வச்சுக்கங்க’ன்னார்.”

சிரித்தேன். நன்றாகவே வந்தது சிரிப்பு. ஏழு நிமிடம் இருந்தது.

“அப்ப ஏதாவது கேளுங்க அத்தை. எனக்கு மட்டும் தெரிஞ்சது. சரியாச் சொன்னா நான்தான்.”

இந்த யோசனை என்னுடையது. அவராகக் கேட்கவில்லை.

அவர் யோசித்தார். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் போனில் கேட்டது. ஆறு நிமிடம்.

“அவ தூங்கும்போது கைய எப்படி வச்சுக்குவா?”

“கட்டவெரல உள்ள மடிச்சு, மத்த நாலு வெரலால மூடிக்குவா” என்றேன். “ரெண்டு கையிலயும்.”

ஐந்து மாதத்தில் அதை நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது முழுசாக வந்தது. தலையணை, விளக்கு, மூடிய இரண்டு கைகள். தேவைப்பட்டதால் வந்தது.

“பொறந்தப்பவே அப்படித்தான் மாப்ள” என்றார் அத்தை. குரல் உடைந்துவிட்டது. “அந்த நர்ஸம்மா விரிச்சு விரிச்சு விடும், இவ மூடி மூடிக்குவா. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கே. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு பாருங்க.”

“நம்பர், அத்தை.”

“இருங்க, கண்ணாடியக் காணோம்… நெத்தியிலதான் இருக்கு. மூணு. ஒம்போது. இது ஆறா எட்டா… எட்டு. சைபர். சைபர். அஞ்சு.”

போட்டேன். திறந்தது.

“எதுக்கு மாப்ள அது?”

“அவ பேர்ல இருக்கிற கணக்கு ஒண்ண மூடணும்.”

“ஒவ்வொண்ணா மூடிட்டு வர்றீங்க. ஒத்தையா கெடந்து அல்லாடுறீங்க. வாங்க மாப்ள ஒரு நாளு, சாப்பிட்டுட்டுப் போலாம்.”

“வர்றேன்” என்று சொல்லி வைத்தேன்.

எல்லாம் அப்படியே இருந்தது. ஆயிரத்து நானூறு பேரின் குறிப்புகள், பூட்டியபோது மிச்சமிருந்த சில்லுகள், பச்சை மேசை. காலிக்கிண்ணம் உட்கார்ந்திருந்தார். நான் உட்கார்ந்ததும் அரட்டைப் பெட்டியில் எழுதினார்: ‘எங்க சார் ஆளையே காணோம்? நல்லா இருக்கீங்களா?’

‘நல்லா இருக்கேன்’ என்று எழுதினேன்.

மூன்று ஆட்டம் கவிழ்த்தேன். நாலாவதில் இரண்டு ஆர்ட்டின் சீட்டு வந்தது. நடுவில் விழுந்த நாலில் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஒன்று விழுந்தால் ஒரே இனத்தில் ஐந்து, ஆட்டம் என்னுடையது. விழாவிட்டால் ஒன்றுமில்லை. காலிக்கிண்ணம் பெரிய பந்தயம் கட்டினார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டு கட்டினார், அதாவது அவரிடம் நல்ல சீட்டு. எனக்குப் பத்தொன்பது சதவீதம். கணக்குப்படி கவிழ்க்க வேண்டிய கை. எழுதி வைத்திருக்கிறேன், அவரைப் பற்றியும் இந்த நிலையைப் பற்றியும். யோசிக்க இருபது நொடி. காதுக்குப் பின்னால் ரத்தம் ஓடுவது கேட்டது. அவள் போன பிறகு கேட்காத சத்தம் அது. பசி தெரிந்தது, படிக்கட்டின் சுண்ணாம்பு வாசனை தெரிந்தது.

போன் அடித்தது.

சீட்டுகளை மறைத்துக்கொண்டு திரை முழுக்க என் மனைவியின் முகம் வந்தது. கீழே அவள் பெயர். அழைக்கிறாள்.

அத்தை அந்தப் போனிலிருந்து கூப்பிடுகிறார். அது எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. பச்சையும் சிவப்பும் விட்டுவிட்டு மின்னின. அத்தை முதல்முறையாக யார் உதவியும் இல்லாமல் நோட்டைப் பார்த்துக் கூப்பிட்டிருப்பார். கணக்கை மூடியாயிற்றா என்று கேட்க இருக்கலாம். விரல் மடக்குவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசவும் இருக்கலாம். அவள் முகத்துக்குப் பின்னால் இருபது நொடியில் எட்டோ ஒன்பதோ மிச்சம் இருந்தது.

சிவப்பை அமுக்கினேன். மேசை திரும்ப வந்தது. நாலு நொடி. இருந்த எல்லாவற்றையும் வைத்தேன்.

கடைசிச் சீட்டு ஆர்ட்டின்.

சில்லுகள் என் பக்கம் நகர்ந்து வந்தன. ‘இதுக்கெல்லாம் எப்படி சார் கட்றீங்க?’ என்று காலிக்கிண்ணம் எழுதினார். எனக்குள் ஓடிய சத்தம் நின்றுவிட்டிருந்தது. அடுத்த ஆட்டத்தின் இரண்டு சீட்டுகள் வந்தன.

மறுபடி அவள் முகம் வந்தது. மறுபடி சிவப்பு. மூன்றாம் முறை வருவதற்குள் ஓர் எண்ணிலிருந்து அழைப்பு வராமல் தடுக்க எங்கே போக வேண்டும் என்று தேடினேன். அவள் பெயரை அமுக்கி, கீழே நகர்த்தினால் கடைசியில் இருக்கிறது. நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்றேன்.

என் முறை வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.